கோடு விழாத இரண்டு பக்கங்கள்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வருவதாக இருந்ததால், போன மாதம் பரணில் கிடந்த தகரப்பெட்டியைக் கீழே இறக்கினோம். உள்ளே பிள்ளைகளின் பழைய ரிப்போர்ட் கார்டுகள், காற்றுப் போன ஒரு பந்து, யாருக்கும் பொருந்தாத கம்பளிக் குல்லாய்கள். எல்லாவற்றுக்கும் அடியில், மேல்பக்கம் கம்பிச் சுருள் வைத்த ஒரு ஸ்டெனோ நோட்டு. என் மகள்தான் முதலில் எடுத்தாள். கல்லூரியில் படிக்கிறவள். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "அம்மா, இது தமிழா?" என்று கேட்டாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தும் சுருக்கெழுத்தும் ஒன்றுதான், இரண்டும் வளைந்து வளைந்து இருக்கும். "தமிழ்தான், ஆனா எனக்கும் வாசிக்கத் தெரியாது" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அச்சா" என்று இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் தரையிலேயே உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டினேன். பென்சிலால் எழுதிய கொக்கிகள், வளைவுகள், சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு பக்கத்திலும் மேல்மூலையிலிருந்து கீழ்மூலைக்கு ஒரு சாய்வுக் கோடு இழுத்திருந்தது. அந்தக் கோட்டுக்கு, இந்தப் பக்கத்தின் வேலை முடிந்தது என்று அர்த்தம். கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். இரண்டே இரண்டு பக்கத்தில் கோடு இல்லை. அடுத்தடுத்த பக்கங்கள். அந்த இரண்டில் முதல் பக்கம் என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஓரத்தில் ஒரு நெய்க் கறை இருந்தது, அது என் கைக்கறை. இரண்டாவது பக்கம் எதைப் பற்றி என்று தெரியவில்லை.

நோட்டு என் ஓரகத்தியுடையது, வீடு மாறும்போது எங்கள் பெட்டியில் கலந்துவிட்டிருக்கிறது. என் கணவரின் தம்பி மனைவி. என்னைவிட நாலு வயது சின்னவள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோவாக இருந்தாள். அங்கேயே வேலை பார்த்த என் கொழுந்தனைப் பார்த்து, பேசி, கல்யாணமும் செய்துகொண்டாள். நாங்கள் அம்பாசமுத்திரத்துக்காரர்கள், அவள் கோயம்புத்தூர்ப் பெண். ஒரே வீட்டில் இரண்டு தமிழ் ஓடும். எங்கள் மாமியார் "ஏட்டி" என்று கூப்பிடுவதும், இவள் "சொல்லுங்கத்தை" என்று நீட்டுவதும் கேட்க வேடிக்கையாக இருக்கும். எனக்கும் மத்திய அரசில்தான் வேலை, வேறு அலுவலகம், குமாஸ்தா உத்தியோகம். ஆர்.கே.புரத்தில் என் பெயரில் கிடைத்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில்தான் இரண்டு குடும்பமும் ஏழெட்டு வருஷம் இருந்தோம். அவர்கள் பெயர் குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்கேயோ பின்னால் கிடந்தது. என் பெயரில் வீடு என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் அதுதான் பெரிய பேச்சாகப் போகிறது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அலுவலகத்தில் அதிகாரி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுப்பாள், முடிந்ததும் எடுத்ததை அப்படியே திருப்பி வாசித்துக் காட்டுவாள், அவர் சரி என்றால்தான் டைப் அடிப்பாள். டைப் அடித்ததும் பக்கத்தில் கோடு இழுத்துவிடுவாள். எல்லா ஸ்டெனோவும் செய்கிற காரியம்தான். இவள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். தமிழ்ச் சுருக்கெழுத்தும் படித்திருந்தாள். ஆரம்பத்தில் கை பழகுவதற்காகத்தான் எங்கள் பேச்சை எழுதினாள். அப்புறம் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் டைப் கிடையாது, வாசித்ததற்கு நாங்கள் சரி என்றோ இல்லை என்றோ ஒரு பதில் சொன்னால் கோடு விழும்.

ஒரு நாள் கிரிக்கெட் ஆட்டம். கொழுந்தனுக்கு ஆபீஸ் போக மனசில்லை. பக்கத்து வீட்டு போனிலிருந்து லீவு சொல்ல வேண்டும், என்ன சொல்வது என்று உரக்க ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். இவள் நோட்டை எடுத்தாள். எழுதினாள். பிறகு, ரயில் வருகை அறிவிக்கிற குரலில் வாசித்தாள்: "நேற்று சாயங்காலத்திலிருந்து கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். சரிங்களா?" கொழுந்தன் கையில் மூன்றாவது வடை இருந்தது. அவர் வடையைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார். "சீ, போ" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சிரிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

எனக்கும் அந்த வாசிப்பு விழுந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரி உளுந்து ஊறப்போட்டுவிட்டு எங்கள் கிரைண்டரைக் கேட்டு வாசலில் வந்து நின்றாள். போன தடவை கல்லைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தவள் அவள். "கிரைண்டர் ரிப்பேருன்னு சொல்லுட்டி" என்று உள்ளேயிருந்து மகளிடம் கத்தினேன். ஓரகத்தி அடுப்படியிலேயே நின்றுகொண்டு, கையில் நோட்டுகூட இல்லாமல், காற்றில் வாசித்தாள்: "கிரைண்டர் ரிப்பேர். மாவு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. சரிங்களாக்கா?" கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது, வாசல் வரை சத்தம் கேட்கும். நானே வாசலுக்குப் போய், "போன தடவ கல்லக் கழுவாமக் குடுத்துட்டீங்க, அதான் யோசிக்கேன், கழுவித் தாரதா இருந்தா எடுத்துக்கிடுங்க" என்று சொன்னேன். அன்றைக்கு அவள் கழுவிக் கொடுத்தாள். அதோடு எங்களுக்குள் இருந்த முணுமுணுப்பும் தீர்ந்தது. சொல்லிவிட்டால் தீர்ந்துபோகிற விஷயத்துக்காக நான் எத்தனை பொய் அடுக்கியிருப்பேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

தர்மம், நியாயம் என்றெல்லாம் நாம் பெரிய பேச்சுப் பேசுகிறோம். அது ஏதோ பெரிய நாளில், பெரிய மனிதர்களுக்கு வருகிற சோதனை என்று நினைத்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில் அது செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வருகிறது. கிரைண்டரைக் கொடுப்பதா வேண்டாமா, லீவுக்கு என்ன எழுதுவது, பிள்ளையின் டைரியில் என்ன காரணம் போடுவது. மனசுக்குள் இருக்கும்போது எந்தக் காரணமும் நல்ல காரணமாகத்தான் தெரிகிறது, அதற்கு நாமே ஒரு அழகான குரல் கொடுத்துவிடுகிறோம். அந்தக் குரலை எடுத்துவிட்டு, சொல்லை மட்டும் இன்னொருத்தர் வாயால் கேட்டால் அது வேறாகக் கேட்கிறது. என் ஓரகத்தி செய்தது அவ்வளவுதான். அவளுக்கு அதற்கு மேல் ஒரு தத்துவமும் கிடையாது. கேட்டால், "எழுதுனத வாசிக்கறேனுங்க, வேற என்னங்க" என்பாள்.

இப்போது அந்த நெய்க் கறைப் பக்கத்துக்கு வருகிறேன்.

என் கணவர் ஒரு தனியார் கம்பெனியில் இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அவரைச் சென்னைக்கு மாற்றினார்கள். அவருக்கு அங்கே ஒரு மேன்ஷன் அறை, எனக்கு இங்கே இரண்டு பிள்ளைகள். நாலு மாதத்துக்கு ஒரு தடவை வருவார், ஐந்து நாள் இருப்பார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது, பால் பல் விழுகிற காலம். விழுந்த பல்லை எல்லோரும் கூரையில் எறிவார்கள், இவள் தீப்பெட்டியில் போட்டு வைத்தாள். "அப்பா பாக்கலல்லா" என்றாள். ஒவ்வொரு தடவை அவர் வரும்போதும் அந்தத் தீப்பெட்டியை நீட்டுவாள். அவரும் ஒவ்வொரு பல்லையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நான் அடுப்படிக்குள் போய் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பேன், எனக்கு அதைப் பார்க்க முடியாது.

எனக்குச் சென்னை வேண்டும். அதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. எங்கள் அலுவலகத்துக்குச் சென்னையில் ஒரு கிளை உண்டு. அங்கே என் உத்தியோகத்தில் ஒரே ஒரு இடம் காலியாகிறது என்று தெரிந்தது. கணவன் தனியார் கம்பெனியில் இருந்தால், சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்டு ஒன்றும் நடக்காது, அந்த மனுக்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மெடிக்கல் கிரவுண்டில் கேட்டால் நடக்கும். வயசான பெற்றோரோ மாமியாரோ ஊரில் படுக்கையில் கிடக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் சர்வ சாதாரணம். "ஃபாதர் சீரியஸ்" தந்தி வந்து ஊருக்குப் போய், அதே ஃபாதரோடு திருச்செந்தூர் போய்விட்டு வருகிறவர்கள்தானே நாம். சர்டிபிகேட் கொடுக்க உறவிலேயே ஒரு டாக்டர் இருந்தார்.

அந்த இடத்தை இன்னொருத்தரும் கேட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தவர், விழுப்புரம் பக்கத்துக்காரர். என் உத்தியோகம்தான் அவருக்கும். மதியச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்காருவார். அதிகம் பேசமாட்டார். அவர் அம்மா தாம்பரத்தில் பக்கவாதம் வந்து கிடக்கிறார், கல்யாணமாகாத தங்கை ஒருத்திதான் தூக்கி உட்காரவைக்கிறாள், குளிப்பாட்டுகிறாள் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நான் "ஐயோ பாவம்" என்றேன். சொல்லிவிட்டு அவர் டப்பா மூடியில் கொஞ்சம் அவியல் வைத்தேன். அதோடு மறந்தும் போனேன். மறந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனுவை நல்ல இங்கிலீஷில் எழுத எனக்கு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு, ஓரகத்தியை உட்காரவைத்தேன். நான் தமிழில் சொல்வது, அவள் குறித்துக்கொண்டு இங்கிலீஷில் டைப் அடித்துத் தருவது என்று ஏற்பாடு. எங்கள் மாமியார் அப்போது தில்லியில்தான் இருந்தார், குளிர் முடிந்ததும் வந்தவர். காலையில்தான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு என்னோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கடைக்காரனிடம் "பையா, இது முருங்கக்காயா, சுள்ளியா" என்று பாதி இந்தியும் பாதி நெல்லைத் தமிழுமாகச் சண்டை போட்டு, ஒரு கட்டு முருங்கைக்காயைத் தன் தோளிலேயே சாய்த்துக்கொண்டு வந்தவர். அந்த முருங்கைக்காயைத்தான் அந்த நேரம் எங்களுக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். என் மாமியார் சென்னையில் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்றேன். தானாக எழுந்து உட்காரக்கூட முடியாது என்றேன். ஒருத்தி மட்டும் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது, அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்றேன். எனக்கே ஆச்சரியம், அவ்வளவு உருக்கமாக வந்தது. பரவாயில்லையே, நமக்கும் எழுத வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் நோட்டை இழுத்துப் பார்த்து, எத்தனை வரி வந்திருக்கிறது என்று கேட்டேன், அப்போதுதான் கைநெய் பட்டது.

அவள் வாசித்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. உயர்த்தவும் இல்லை.

"மாமியார் சென்னையில் படுத்த படுக்கையாக இருக்கிறார். தானாக எழுந்து உட்கார முடியாது."

அரிவாள்மணைச் சத்தம் நின்றது. "யாருட்டி படுத்துக் கெடக்கது?" என்றார் மாமியார். "நானா?"

நான் சொல்லவேண்டியதாயிற்று. மாற்றல் மனு, ஒரு இடம்தான், இப்படி எழுதினால்தான் கிடைக்கும். எனக்கு முகம் எரிந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுத்த முருங்கைக்காயை எடுத்துக்கொண்டே, "எழுதிக்கோ. எம்மவன் அங்க ஓட்டல் சோறு திங்கான். நீ போய்ச் சேரணும்னா நான் படுத்துக் கெடந்தா என்ன, செத்தேன்னு எழுதுனாலும் எழுதிக்கோ" என்றார். மனசு நிறைந்துதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. சம்பந்தப்பட்டவரே சம்மதித்துவிட்டார், இனி என்ன தடை. ஓரகத்தியைப் பார்த்து, "கேட்டயா, டைப் அடி" என்றேன்.

"இன்னும் ரெண்டு வரி இருக்குதுங்க்கா" என்றாள். வாசித்தாள். "ஒருத்தி மட்டும் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. சரிங்களாக்கா?"

அந்த வரியைக் கேட்டதும் எனக்கு அவியல் ஞாபகம் வந்தது. டப்பா மூடியில் அவியல், எதிரே டெஸ்பாட்ச்காரர், "என் தங்கச்சி ஒருத்திதான் தூக்கி உட்காரவெச்சிக் குளிப்பாட்டுது மேடம், வேற பாத்துக்க ஆள் இல்ல" என்று டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்ன அந்தக் குரல். நான் சொன்னது என் சொல்லே இல்லை. அது அவருடையது. அவர் அம்மாவின் படுக்கையை, அவர் தங்கையின் கையை, அவர் வாய்திறந்து சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து என் மனுவில் வைத்திருக்கிறேன். அதையும் வைத்து அவருக்கு வர இருக்கிற இடத்தையே கேட்கப் போகிறேன். எழுத வருகிறதே என்று மெச்சிக்கொண்டேனே, அது இதுதான்.

நல்ல மனுஷியாக இருந்தால் அந்த இடத்திலேயே தலைகுனிந்திருப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு யார் மேலே காட்ட, எதிரே உட்கார்ந்திருந்தவள் மேலே காட்டினேன். "நீ ஏன் இப்படி வாசிக்கன்னு எனக்குத் தெரியாதாக்கும். நான் சென்னைக்குப் போனா இந்த வீட்டக் காலி பண்ணணும். வீடு போயிரும்னுதான நீ வாசிக்க" என்றேன். சொன்னது பொய்யும் இல்லை. எனக்கு மாற்றல் வந்தால் சில மாதத்தில் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தையோடு அவர்கள் எங்கேயோ வாடகைக்கு அலைய வேண்டியிருக்கும்.

அவள் பென்சிலை எடுத்து அதையும் எழுதினாள். அதே குரலில் வாசித்தாள்: "நான் சென்னைக்குப் போனால் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு போய்விடும் என்றுதான் நீ வாசிக்கிறாய். சரிங்களாக்கா?"

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளும் அப்படியில்லை என்று மறுக்கவில்லை. ஒரு வார்த்தை, "ஐயோ அப்படி இல்லைங்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "நீங்க சரின்னா டைப் அடிச்சுத் தர்றேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அங்கே துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

மறுநாள் நானே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். கணவர் சென்னையில் இருக்கிறார், பிள்ளைகள் அப்பாவைத் தேடுகிறார்கள், எனக்கு மாற்றல் வேண்டும். மூன்றே வரி. அது கட்டோடு கட்டாகப் போய்ச் சேர்ந்தது. இடம் டெஸ்பாட்ச்காரருக்குக் கிடைத்தது. அவர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது, "உங்களுக்கும் சீக்கிரம் வரணும் மேடம்" என்றார். நானும் கேட்டிருந்தது அவருக்குத் தெரியும், என்ன எழுதப் பார்த்தேன் என்பது தெரியாது. அந்த லட்டை வாயில் போடுவது எனக்குச் சுலபமாக இல்லை, ஆனாலும் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து அவரிடமிருந்து எனக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. அவர் அம்மா போய்விட்டார். "கடைசியாக என் கையால் தண்ணீர் குடித்தார், தங்கை அன்றைக்குத்தான் பகலில் நன்றாகத் தூங்கினாள்" என்று எழுதியிருந்தார். எனக்கு ஏன் எழுதினார் என்று தெரியவில்லை, அந்த அவியலுக்காகவோ என்னவோ. நான் அதை ஓரகத்தியிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு, மடித்து, "சாமி படத்துக்கிட்ட வெச்சிரட்டுங்களா" என்று கேட்டாள். வை என்றேன்.

இதை வைத்து நான் ஏதோ தியாகம் செய்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அதற்கப்புறம் இரண்டரை வருஷம் என் கணவர் சென்னையிலேயே இருந்தார். தீப்பெட்டி இரண்டு ஆயிற்று. சில நாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, அந்தப் பொய்யை எழுதித் தொலைத்திருக்கலாமே என்று நினைத்ததுண்டு. நேர்மையாக இருந்தால் நல்லது நடக்கும் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம் வரும். நடக்கும், நடக்காமலும் போகும். ஆனால் ஒன்று. அவர் தில்லிக்கே திரும்பி வந்த அன்று, மகள் இரண்டு தீப்பெட்டியையும் கொட்டி வரிசையாக அடுக்கி, எது எப்போது விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இந்த முறை அடுப்படிக்கு ஓடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். யாருக்கும் பயப்படாமல், எதையும் மறைக்காமல் உட்கார முடிந்தது. அந்தச் சாயங்காலத்தை நான் வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பிறகு கொழுந்தனுக்கும் ஓரகத்திக்கும் குவார்ட்டர்ஸ் கிடைத்துத் தனியாகப் போனார்கள். நாங்கள் துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃபிளாட் வாங்கினோம், வந்த புதிதில் வெறும் மண்காடு, இப்போது வாசலிலேயே மெட்ரோ. ஓரகத்தி வேலையை முன்னதாகவே விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு அவள் பலகாரம் வரும், நான் இங்கிருந்து கம்பளி அனுப்புவேன். ஆனால் அன்றைக்கு வீட்டைப் பற்றி நான் சொன்னதற்கு அவள் பதில் சொல்லவில்லை என்பது ஒரு மீன்முள்ளைப் போல எனக்குள் கிடந்தது. என் ஆபீஸில் இப்போது லீவு விண்ணப்பங்கள் என் மேஜைக்குத்தான் வருகின்றன. கொண்டுவந்து நீட்டுகிறவர்களிடம், "வாசிச்சுக் காட்டட்டுமா" என்று கேட்கிறேன். பாதிப் பேர் வாங்கிக்கொண்டு போய் வேறு எழுதி வருகிறார்கள். இப்படி அவள் பழக்கம் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது, அவள் மேலான சந்தேகமும் கூடவே இருந்தது. வீட்டுக்காகத்தான் வாசித்தாளோ.

வெள்ளையடித்து முடிந்த வாரம் அவள் வந்தாள், யாரோ உறவில் கல்யாணம். காதோரம் நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். காபி குடித்து முடிந்ததும் நோட்டை எடுத்து மடியில் வைத்தேன். "அட, இது எங்கீங்க்கா இருந்துச்சு" என்று சிரித்தாள். என் மகளும் வந்து உட்கார்ந்தாள், இதை ஒருத்தர் நிஜமாகவே வாசிப்பார் என்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நெய்க் கறைப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். வாசித்தாள். படுத்த படுக்கை, தூக்கி உட்காரவைக்க, வேறு ஆள் இல்லை, வீடு போய்விடும் என்றுதான் நீ வாசிக்கிறாய். அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே குரல். மாமியார் இன்று இல்லை. இருந்திருந்தால் இப்போதும் "யாருட்டி, நானா" என்று கேட்டிருப்பார் என்று சொல்லிச் சிரித்தோம்.

"அடுத்த பக்கம்" என்றேன்.

அவள் திருப்பினாள். பார்த்தாள். மூடப் போனாள். "இது நான் எனக்கு எழுதிக்கிட்டதுங்க. விடுங்க்கா."

"வாசி."

"வேண்டாங்க்கா."

"நீ எல்லாருக்கும் வாசிச்சேல்லா. இதையும் வாசி."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். குரல் மாறவில்லை. இரண்டாவது வரியில் மட்டும் கொஞ்சம் நின்றது.

"அக்கா சொன்னது நிஜம். இந்த வீடு போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கா போகக் கூடாது என்று எனக்கு ஆசை இருக்கிறது. ஆசை இருப்பதால் இந்த விஷயத்தில் போ என்றும் இரு என்றும் நான் எதுவும் சொல்லக் கூடாது. இல்லை என்று பொய் சொல்லி அக்காவைச் சமாதானம் செய்யவும் கூடாது. சொன்னதை வாசிப்பது மட்டும்தான் என் வேலை. சரி என்று அக்கா சொன்னால் டைப் அடித்துக் கொடுத்துவிட வேண்டும். வீடு பார்க்க ஆரம்பிக்க வேண்டும்."

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். என் மகள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், பாதிதான் புரிந்திருக்கும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று நான் இத்தனை வருஷம் காத்திருந்த அந்த வார்த்தை பொய்யாக இருந்திருக்கும். அதனால்தான் அவள் அதைச் சொல்லவில்லை. தனக்கு ஆசை இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த ஒருத்தியை, நான் அழுத்தக்காரி என்று நினைத்திருக்கிறேன்.

அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"சரிங்களாக்கா?"

"சரிம்மா" என்றேன்.

மகளின் பென்சில் பெட்டி மேஜை மேலேயே இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் மேல்மூலையிலிருந்து கீழ்மூலைக்கு ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாவதிலும் இழுத்தாள்.